நாலந்தா வரைக்கும் ஓட்டம்

நேர்முகத் தேர்வுக்கு வந்த இராஜகுமாரியின் கனத்த கைப்பையைப் பார்த்து, மாத்தளை ஏலக்காய் வியாபாரி செல்லையா முதலாளி இளித்தார்.

"என்னம்மா, பட்டதாரி பைக்குள்ள கல்லையா வச்சிருக்கே? தூரம் ஓடுறவன் சுமை தூக்கக் கூடாது. யாவாரமும் அப்படித்தான்."

ஒரு வருடமாக வேலைக்கு அலைந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஓட்டம் எங்க முதலாளி பழகினீங்க?"

"எண்பத்துமூணு கலவரத்துல. ஸ்டோருக்கு நெருப்பு வைக்க வந்தானுங்க. சாமான் களவு போகாம கதவைப் பூட்டிட்டு இங்கேருந்து பதினைஞ்சு மைல், நாலந்தா வரைக்கும் ஓடினேன். திரும்பியே பார்க்கல. அந்தப் பாடந்தான் என்னை இன்னைக்கு மூணு கடைக்கு முதலாளி ஆக்கிச்சு."

"உள்ளே யாரும் இருந்தாங்களா?"

"மூட்டைதான் இருந்துச்சு. கேள்வியெல்லாம் நல்லாத்தான் கேக்குறே. இந்தா, நாளைக்கே வேலைக்கு வா."

அவர் நீட்டிய நியமனக் கடிதத்தை அவள் மேசையில் வைத்தாள். பையிலிருந்து கருகிய ஆமைப்பூட்டு ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"உள்ளே அந்த மூட்டைகளை அடுக்கிக்கிட்டிருந்த நாகமுத்துவோட மக நான். சாம்பல்ல எங்கம்மாவுக்குக் கிடைச்சது இது மட்டுந்தான். பூட்டினபடியே கிடந்துச்சாம். வேலை எனக்கு வேணும்தான் முதலாளி. ஆனா நான் வந்தது சாவி வாங்க."