கடைசி மூன்று எண்கள்

“அந்த நம்பரை முழுசாப் போடு, இடரா. ஒரு எண்ணைக்கூட மறைக்க வேண்டாம்.”

உதவி ஆசிரியை இடராவின் விரல் விசைப்பலகையின்மேல் நின்றுவிட்டது. குறுஞ்செய்தி அனுப்பும் வாசகர்களின் கைபேசி எண்ணில் கடைசி மூன்று எண்களை மறைத்தே அச்சிடுவது அந்த இபாடான் நாளேட்டின் பதினெட்டு ஆண்டு வழக்கம்.

“ஐயா, அப்படிப் போட்டா ஊரே கூப்பிட்டுத் திட்டும்.”

“திட்டட்டும். வேற எதுக்குப் போடச் சொல்றேன்?” என்றார் ஃபொலாரின்.

அவருடைய வாரப் பத்தியை நைஜீரியாவில் அறியாதவர் குறைவு. நாட்டைவிட்டு வெளியேறுகிறவர்கள் எல்லாம் ஓடுகாலிகள் என்பது அவருடைய வாதம். திங்கள்தோறும் பத்தி, அதன் கீழேயே வாசகர் செய்திகள். ‘நாட்டைக் கட்டி எழுப்பச் சொல்கிறீர்கள் ஐயா, சிமென்ட் விலை தெரியுமா?’ என்று ஓர் ஆசிரியர் அந்த வாரம் கேட்டிருந்தார். வாய்விட்டுச் சிரித்து, அதையே முதலில் போடச் சொன்னார் ஃபொலாரின்.

இந்த ஓர் எண்தான் அவரைக் குத்தியது. ஞாயிறு தவறாமல் அதிலிருந்து ஒரே செய்தி வரும்.

‘போனவர்களை ஓடுகாலிகள் என்கிறீர்கள். உங்கள் மகன் எங்கே ஐயா? அந்தக் குளிரில் அவனுக்குப் போர்த்திக்கொள்ள ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறையாவது கேட்டீர்களா?’

மகன் மயோவா கனடாவுக்குப் போய் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. விமானம் ஏறிய நாளிலிருந்து அவனுடைய அழைப்பை ஃபொலாரின் எடுத்ததில்லை. அவன் ஒருமுறை அலுவலகத்துக்கே அழைத்துவிட்டதால், வீட்டுக்கு வெளியே இடரா ஒருத்திக்கு மட்டும் விஷயம் தெரியும். வெளியே தெரிந்தால் பத்தியும் பெயரும் ஒரே நாளில் மண்ணாகிவிடும்.

“ஆளுங்கட்சிக்காரன் கூலி கொடுத்து எழுத வைக்கிறான். இன்னைக்கு மகன் எங்கேம்பான், நாளைக்கு அவன் போட்டோவையே போடுவான்.”

“போர்வை இருக்கான்னு கேக்குறவன் கூலிக்காரனா ஐயா? திட்டுற மாதிரியே தெரியலியே.”

“நக்கல் பண்றான்மா! உனக்கு அது புரியற வயசு இல்ல. மகன் பேச்சை வெட்டிடு. ‘போனவங்க புத்திசாலிங்க, இங்க கெடக்கிறவங்கதான் முட்டாளுங்க’ன்னு மாத்திப் போடு.”

“அவர் அப்படி எழுதலியே!”

“அவன் மனசுல இருக்கிறதைத்தான் நான் எழுதுறேன். போடு.”

இடரா போட்டாள். அதன்பின் அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஃபொலாரின் அந்த எண்ணை அழைத்துப் பார்த்தார். லைன் கிடைக்கவில்லை, வேறு யாரோ அதில் பேசிக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்கும் அப்படியே, நண்பகலிலும் அப்படியே. ‘வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும்’ என்று எண்ணியபடி அவித்த வள்ளிக்கிழங்கை நிம்மதியாகத் தின்றார். மூன்று மணிக்குத்தான் ஒரு பெண்குரல் கிடைத்தது.

“சீக்கிரம் திட்டிட்டு வைங்க ஐயா. பின்னாடி நெறைய பேர் காத்திருக்காங்க.”

“எங்கேம்மா இருக்கே நீ?”

“போடிஜா சந்தை வாசல்ல, மஞ்சக் குடை. கல்லெறியறதா இருந்தா நேர்லயே வாங்க.”

அந்தச் சந்தை அவருடைய வீட்டிலிருந்து பத்து நிமிட நடைதான். கூலிக்கு எழுதுகிறவளின் முகத்தைப் பார்த்துவிடுவது என்று அலுவலகத்திலிருந்து காரை எடுத்தார்.

வங்கி அட்டையைத் தேய்க்கும் சின்ன மெஷினை வைத்துக்கொண்டு, சந்தைக்கு வருவோருக்குப் பணம் எடுத்துத் தரும் ரிஸிகத் என்ற இளம்பெண், மஞ்சள் குடைக்கடியில் ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

“பேப்பருக்கு எழுதுறது நீதானா?”

“நீங்களும் திட்டத்தான் வந்தீங்களா? எனக்கு ஏதுங்க எழுத நேரம்? ஒரு அம்மா ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வருவாங்க. தன் போன்லேர்ந்து அனுப்ப முடியாதுன்னு என் போன்ல அனுப்புவாங்க. ‘கடைசி மூணு நம்பரை மறைச்சுடுவாங்க, அந்தப் பத்திரிகைக்காரர் நேர்மையானவர், பயப்படாதே’ன்னு அவங்கதான் சொன்னாங்க. கடைசியில பாத்தா, நம்பரும் முழுசா இருக்கு, அவங்க எழுதாததும் இருக்கு! விடிஞ்சதுலேர்ந்து இருநூறு பேர். ‘உன் தலையில இடி விழ’ங்கறான் ஒருத்தன். ‘உன் பாஸ்போர்ட்டு எரிய’ங்கறான் இன்னொருத்தன். என்கிட்ட பாஸ்போர்ட்டே கெடையாதுங்க!”

“அந்த அம்மா இப்ப எங்கே?”

“கேள்விப்பட்டு ஓடி வந்துட்டாங்க. போனை என் கையிலேர்ந்து புடுங்கினவங்கதான். எனக்கு வர்ற திட்டையெல்லாம் காலையிலேர்ந்து அவங்களே வாங்கிக்கிட்டிருக்காங்க. மூணு மணிக்குக் கூப்பிட்டவர் நீங்கதானே? அப்ப அவங்க தண்ணி குடிக்கப் போயிருந்ததாலதான் நான் எடுத்தேன்.”

ரிஸிகத் மோவாயால் பின்பக்கம் காட்டினாள்.

அங்கே கவிழ்த்துப் போட்ட தக்காளிக் கூடையின்மேல் ஒரு பெண் அமர்ந்து, கைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

“ஆமாம் தம்பி, அனுப்பினது நான்தான். எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்கோ. இந்தப் பொண்ணை மட்டும் விட்டுடு.”

இருபத்தெட்டு ஆண்டுகளாக அவர் கேட்டுவரும் குரல். ஃபொலாரின் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். எதற்காகக் கழற்றினோம் என்பது அவருக்கே தெரியவில்லை.

அவருடைய மனைவி திரும்பினாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார்.

“நீயா?” என்றார்.

“வீட்டுல மூணு வருஷமாக் கேட்டுப் பாத்தேன், மயோவா அப்பா. நீங்க காதுலயே போட்டுக்கல. வாசகர் எழுதினா ஒரு எழுத்து விடாமப் படிக்கிறீங்களேன்னுதான், நானும் உங்க வாசகி ஆயிட்டேன்.”