ஏலியாம்மாவின் துடுப்பு

காலை வெயிலில் காயல் தகரம்போல் கண்ணைக் கூசவைக்கிறது. சின்ன வள்ளத்தின் முன்பக்கம் ஏலியாம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். பின்பக்கம் அவள் தம்பி பெண்டாட்டி ரோசிலி, மலைநாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டே மாதம், துடுப்போடு மல்லுக்கட்டுகிறாள். தீவு வீட்டுக்கு ஒரே வள்ளம், ஒரே துடுப்பு. பூசைக்குத் தன்னை ஏற்றிப்போக ஆள் வேண்டுமே என்றுதான் ஏலியாம்மா கற்றுக்கொடுக்கிறாள். வீடு திரும்பியதும் துடுப்பைத் தன் அறையில் வைத்துப் பூட்டிவிடுவாள். ரோசிலி பக்கம் மாற்றி மாற்றித் துழாவ, ஏலியாம்மாவின் வெள்ளைத் துணியில் தண்ணீர் தெறிக்கிறது. "ஒரே பக்கம் போட்டு, கடைசியில மணிக்கட்டைத் திருப்புடி! ஏலக்காட்டுல மண்ணு கொத்துறோம்னு நெனப்பா?" பயணிகள் படகு உறுமிக்கொண்டு கடக்கிறது, அதன் பின்னால் அலை உருண்டு வருகிறது. "குடுடி இங்க, முண்டம்!" என்று ஏலியாம்மா எழுந்தேவிடுகிறாள். வள்ளம் ஒருபக்கமாகச் சாய்கிறது. "உக்காருங்க சேச்சி. வள்ளத்துல எந்திரிச்சா தோலை உரிச்சிடுவேன்னு நீங்கதான சொன்னீங்க?" ஏலியாம்மா பலகையில் தொப்பென்று உட்காருகிறாள். ரோசிலி ஒரே பக்கம் போட்டு மணிக்கட்டைத் திருப்புகிறாள். வள்ளம் அலைக்கு மூக்கைக் காட்டி ஏறி, இறங்கி, நிதானிக்கிறது. மாதா கோயில் துறையில் இறங்கியதும் ஏலியாம்மா துடுப்புக்குக் கையை நீட்டுகிறாள். ரோசிலி அதைத் தோளில் சாத்திக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்தபடி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கோயில் படி ஏறுகிறாள்.