சபர்காலியின் பிக்கப்பில் கேட்ட சத்தம்

அன்று கெகென் கிராமத்து வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள் நால்வர்: பிக்கப் வண்டிக்குச் சொந்தக்காரர் சபர்காலி, அவர் மனைவி ஷோல்பான், அல்மாட்டியில் மெக்கானிக்காக இருக்கும் அக்கா மகன் தௌலெத், பக்கத்து வீட்டு ஒரின்பெக். ஐந்தாவதாக யாரும் இல்லை.

"பிக்கப்பைக் கேக்கறேன் மாமா. இது மூணாவது," என்றான் தௌலெத்.

அங்கத்து வழக்கப்படி அக்கா மகன் தாய்மாமனிடம் வாழ்நாளில் மூன்று முறை விரும்பியதைக் கேட்கலாம். தாய்மாமன் இல்லை என்று சொன்னால் குடும்பத்துக்கே தலைகுனிவு. முதல் முறை சேணம் போயிற்று, இரண்டாம் முறை பசு. கறுப்புப் பந்தயக் குதிரையை மட்டும் கேட்கக் கூடாது என்று சபர்காலி ஊரறியச் சொல்லி வைத்திருந்தார். இந்த ஆண்டில் அது அவரை இரண்டு முறை கீழே தள்ளிவிட்டது. அறுபத்தெட்டு வயதில் இடக்கை கட்டோடு கழுத்தில் தொங்கியது. அப்படியும் மறுபடி ஏறத்தான் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"எடுத்துக்க மாப்ளே. ஆனா நாலு நாளா முன்பக்கம் ஒரு சத்தம். பாத்துட்டு எடு."

தௌலெத் முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டினான். கடக், கடக், கடக்.

"நமக்கே முட்டி தேஞ்சாச்சு. அதுக்குத் தேயாதா?" என்றார் ஒரின்பெக், தேநீர்க் கிண்ணத்தை ஊதியபடி.

தௌலெத் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினான். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். "பால் ஜாயிண்ட் கெட்டியா இருக்கு." இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினான். "ஸ்டியரிங் ராடும் ஆடல." அடியில் படுத்து ரப்பர் புஷ்களைக் கம்பியால் நெம்பிப் பார்த்தான்.

"தம்பி, ஆளு பொழைக்குமா?" என்றார் ஒரின்பெக், வண்டியைக் காட்டி.

"பாத்துட்டுதானே இருக்கேன் பெரியவரே. மாமா, வேகமாப் போனா சத்தம் நிக்குதா?"

"நிக்குது. மெதுவாப் போனாத்தான் கேக்குது."

ஷோல்பான் முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு லாயத்துப் பக்கம் போனாள்.

தௌலெத் கையைத் துடைத்தான். "ஸ்டியரிங் பாக்ஸா இருக்கும். மலைப்பாதையில எந்த வளைவுல காலை வாரும்னு சொல்ல முடியாது. பரவால்ல மாமா, இதையே கொண்டு போறேன். யாராச்சும் கேட்டா, மாமா குடுத்தது இதுதான்னு சொல்லிக்கறேன்."

"யாரு கேப்பா?"

"சந்தையில கேப்பாங்க," என்றார் ஒரின்பெக். "நானே கேப்பேன்."

சபர்காலியின் முதுகு நிமிர்ந்தது. "என் அக்கா மகன் ஓட்டை வண்டியோட இந்த வாசலைத் தாண்ட மாட்டான். இதை விட்டுட்டு வேற கேளு. இங்க கண்ணுல படற எது வேணும்னாலும் கேளு."

"எதுவானாலுமா?"

"எதுவானாலும். ஒரின்பெக் சாட்சி."

"அப்ப அந்தக் கறுப்பனைக் குடுங்க."

சபர்காலி லாயத்துப் பக்கம் திரும்பினார். அதற்குள் ஷோல்பான் கடிவாளத்தோடு வந்து நின்றாள்.

சொன்ன சொல்லை அவர் திரும்பப் பெறவில்லை. லாயத்துக்குப் போய், ஒற்றைக் கையாலேயே குதிரையின் கயிற்றை அவிழ்த்து மருமகனிடம் கொடுத்தார். "தண்ணி காட்டறப்ப இடது பக்கமா நில்லு. கடிப்பான்," என்று மட்டும் சொன்னார்.

மறு வாரம் பிக்கப்பின் முன்சக்கரத்து வீல் கப், அதாவது நடுவில் இருக்கும் மூடி, கழன்று விழுந்தது. உள்ளேயிருந்து மூன்று ஆட்டுக் கணுக்கால் எலும்புகள், பிள்ளைகள் வைத்து விளையாடுகிற அதே எலும்புகள், உருண்டு வந்தன. மருமகனை ஏமாற்றச் சபர்காலியே அவற்றைப் போட்டுவைத்தார் என்றும், கடைசியில் குதிரையையும் பறிகொடுத்தார் என்றும் ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

அது பொய். அந்தக் குடும்பத்தில் எந்த மாமனும் மருமகனை ஏமாற்றியதில்லை. எலும்புகளைப் போட்டவள் ஷோல்பான். எந்தச் சக்கரம், எத்தனை எலும்பு என்று அல்மாட்டியிலிருந்து போனில் சொன்னவன் தௌலெத்.