பதினோரு மணி நேரக் கதை

'இது மட்டும் நன்றாக இருந்து தொலைக்கக் கூடாது' என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சிஸ்டரின் மகன் அட்டைப்பெட்டியைப் பிரித்தான். உள்ளங்கை அகலத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு மின்நூல் கருவி வெளியே வந்தது.

"அம்மா, கையை நீட்டு. எவ்வளவு லேசா இருக்கு பாரு."

கட்டிலில் சாய்ந்திருந்த சிஸ்டர் அதை வாங்கி எடை பார்த்தார். முப்பத்தைந்து வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயில் பார்வை போய் ஒன்றரை வருடமாகிறது.

"லேசாத்தான் இருக்கு. இத வச்சு நான் என்னடா செய்ய?"

"மூவாயிரம் புத்தகம் பிடிக்கும். அதுவே சத்தமா படிச்சும் காட்டும்."

"எனக்கு எழுபத்திரண்டு வயசு. மூவாயிரம் புத்தகத்துக்கு வேண்டிய ஆயுசையும் சேர்த்துக் குடுத்தானா கடைக்காரன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமில்லை என்பதும் நினைவு வந்தது. மூன்று மணிவரை கூரியர் அலுவலகத்தில் தெருவாரியாகப் பொட்டலங்களைப் பிரிக்கிறாள். திங்கள், புதன், வெள்ளி நான்கிலிருந்து ஆறுவரை இந்த அறையில் சிஸ்டருக்குப் புத்தகம் படித்துக் காட்டுகிறாள். அந்த வேலைக்குத்தான் இப்போது இது வந்திருக்கிறது.

சம்பளம் போனால் சமாளித்துவிடலாம். வீட்டில் அவள் வாயைத் திறந்தால் கணவன், "சுருக்கமா சொல்லு" என்பான். மகள் காதிலிருந்து எதையும் கழற்ற மாட்டாள். இந்த அறையில் மட்டும் ஒரு முகம் அவள் குரல் வரும் பக்கம் திரும்பி, இரண்டு மணி நேரம் அப்படியே இருக்கும். அவள் மூச்சு விட நிறுத்தினால், "அப்புறம்?" என்று கேட்கும்.

"அக்கா, நீங்க தப்பா நினைக்கக் கூடாது" என்றான் மகன். "உங்களையே கேக்குறேன். இதுல என்ன குறைன்னு சொல்லுங்க."

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சார்ஜ் நிக்குமா தம்பி?"

"ஒரு தடவை போட்டா பத்து நாள்."

"கீழ விழுந்துட்டா?"

"உறை இருக்கு."

"சிஸ்டருக்கு பட்டன் தெரியாதே."

"ஓரத்துல ஒரே ஒரு பட்டன். தடவினாலே தெரியும்."

எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. அவனைக் குறை சொல்லவும் வழியில்லை. இந்தக் கருவி இருமாது. பஸ்ஸைத் தவறவிட்டு மூச்சிரைக்க வந்து நிற்காது. யோசித்தால், அவளுக்கே அதைப் பிடித்துவிடும் போலிருந்தது.

"நீங்க படிக்கிற அதே புத்தகத்தைத்தான் ஏத்தியிருக்கேன்" என்று சொல்லி, மகன் அம்மாவின் காதில் இயர்போனைச் செருகினான். மடியில் திறந்திருந்த தடித்த புத்தகத்தை அவள் மெல்ல மூடினாள்.

சிஸ்டர் ஒரு நிமிடம் கேட்டார். "டாக்டர் ரிப்போர்ட் படிக்கிற மாதிரியே இருக்கு. ஆள் பிழைச்சாலும் அதே குரல், போனாலும் அதே குரல்."

"பழகிடும்மா. இங்க பாரு, முழுப் புத்தகமும் பதினோரு மணி நேரம்தான்னு காட்டுது." சொல்லிவிட்டு அவன் நிமிர்ந்தான். "அக்கா, ரெண்டு மாசமா நீங்க இந்த ஒரே புத்தகத்தையா படிக்கிறீங்க?"

அவள் புத்தகத்தை மடியோடு அழுத்திக்கொண்டாள். "நடுவுல பேசிட்டும் இருப்போம் தம்பி..."

"நான்தான் மெதுவா படிக்கச் சொன்னேன்" என்றார் சிஸ்டர்.

"அதுக்காக ரெண்டு மாசமாம்மா?" அவன் குரலில் கோபமில்லை. லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவன், அது எந்த மாடியில் நிற்கிறது என்று கேட்பதைப் போலவே கேட்டான். "சரி, இப்ப கதை எந்த இடத்துல நிக்குது? அங்கிருந்தே போட்டுவிடுறேன். ஒரு சொல்லைக் குடுத்தா போதும், தேடி எடுத்துடும். இதுல பெரிய வசதியே அதுதான்."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சொல்லுங்கக்கா."

"அவ... தையல் கடை போடுற இடம்."

தட்டினான். திரை ஒருமுறை கறுத்து வெளுத்தது. "இல்லைங்குதே. ஆள் யாராவது சொல்லுங்க."

"சைக்கிள் வாத்தியார்."

மறுபடி தட்டினான். புருவம் சுருங்கியது. "அப்படி ஒருத்தரே இந்தப் புத்தகத்துல இல்லையே. அக்கா, உண்மையைச் சொல்லுங்க, நீங்க எதைத்தான் படிக்கிறீங்க?"

அவள் நாற்காலிக்கடியில் கையை விட்டுப் பையைத் தேடினாள். சிஸ்டரின் பக்கம் திரும்ப முடியவில்லை. அந்த முகம் எதையும் பார்க்காது என்று தெரிந்தும் முடியவில்லை.

சிஸ்டர் காதிலிருந்ததைக் கழற்றி, மகனின் கையைத் தேடிப் பிடித்து, அதில் வைத்தார்.

"எனக்கு இது வேண்டாம்ப்பா."

"ஏம்மா? புத்தகம் ஒரு வரி விடாம இருக்கு இதுல."

"இருக்கும். ட்ரெய்னிங்ல இருந்தப்பவே நான் ரெண்டு தடவை படிச்ச புத்தகம் அது. அண்ணனைத் தேடி வந்த பொண்ணு, அவனைப் பார்க்காமலே திரும்ப ரயிலேறிடுவா. அதோட கதை சரி. இவ படிச்சு போன மாசமே முடிஞ்சுபோச்சு." குரலைத் தாழ்த்தினார். "அவளைப் பாதி வழியில இறக்கி, வாத்தியார் வீட்டு மாடியில தையல் கடை போட வச்சது இவதான். இனிமே நடக்கப் போறது எந்த மெஷின்ல இருக்குன்னு நீயே சொல்லு."