முப்பத்தேழாம் படிவம்

படிவத்தின் அடியில் இருந்த கையெழுத்தை அவள் மூன்றாம் முறையாகப் பார்த்தாள்.

அங்காள ஈஸ்வரி. நீல மை. ஒரு சுழிகூடப் பிசகவில்லை.

அங்காள ஈஸ்வரிக்கு எழுதத் தெரியாது.

முதல் சுற்றில் அந்த அக்கா ரேகைதான் வைத்தார். மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதே அவள்தான்.

பட்டாசு ஆலை விபத்தில் கணவரை இழந்த அறுபது பெண்கள். எட்டு வாரம் மனப்பயிற்சி. பயிற்சிக்கு முன் ஒரு படிவம், பின் ஒரு படிவம். துக்கம் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பது. அதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி.

இரண்டாம் சுற்று நடந்த வாரம் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் குலசேகரன்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது என்று புரட்டினாள். எல்லாவற்றிலும் அதே நீல மை, அதே சுழி. அறுபதில் ஒன்றில்கூட ரேகை இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இவர்கள் அதன்மேல் சோறுகூடப் போடவில்லை.

மறுபடி முப்பத்தேழுக்கு வந்தாள்.

ஒன்பதாம் கேள்வி. உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா?

பூஜ்யம்.

முதல் சுற்றில் அது நான்கு. அதற்கு மேல் அந்தத் தாளில் எண் கிடையாது.

அன்று அவள் இந்தக் கேள்வியை வாசித்ததும் அங்காள ஈஸ்வரி சேலை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"இதையெல்லாம் யாரு தாயி படிப்பாக?"

"நான் படிப்பேன்க்கா."

பிறகுதான் பதில் சொன்னார். அவள் நான்கைச் சுற்றி வட்டம் போட்டாள். பத்தாம் கேள்விக்குப் போனாள்.

ஒன்பதுக்கு நான்கு சொன்னவரை அன்றைக்கே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் நெறிக்குழுவுக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த வரியைத் தட்டச்சு செய்தவளும் அவள்தான். மாலையில் பேராசிரியரிடம் சொன்னாள். அவர் குறித்துக்கொண்டார். சொல்லியாயிற்று என்று அவளும் சாப்பிடப் போய்விட்டாள்.

அது நடந்து நான்கு மாதம். மருத்துவர் போனாரா என்று அவள் கேட்கவே இல்லை.

இப்போது பூஜ்யம் போட்டாகிவிட்டது. இனி அந்த வீட்டுக்கு யாரும் போக வேண்டியதில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருத்தி வாய் திறந்து சொன்னதை இப்படி அழிக்க எந்தக் கைக்கு மனம் வந்தது? அந்த நான்கைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போன கையும் பெரிய யோக்கியமில்லை என்று நினைத்தபோது எரிச்சல் இரட்டிப்பானது.

குலசேகரன் கதவருகே வந்து நின்றார்.

"என்னம்மா, கையெழுத்துப் போட்டாச்சா? கட்டுரை இன்னைக்கே போகணும்."

மேசையில் உறுதிமொழித் தாள் கிடந்தது. தரவுகள் முழுவதும் என்னால் நேரில் பெறப்பட்டவை. கீழே அவள் பெயர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்குப் பட்டம். நாலு வருஷ உழைப்பு.

அவள் பேனாவை மூடினாள்.

முதல் சுற்றுப் படிவத்தைத் தேடி எடுத்தாள். ரேகைக்குப் பக்கத்தில் அவளே எழுதிய செல்பேசி எண். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுத்தினாள்.

மணி அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது.

யாரோ எடுத்தார்கள். எந்தக் கல்லூரி, என்ன பெயர் என்று திக்கித் திணறிச் சொன்னாள்.

மறுமுனையில் ஒரு பெண்குரல் கேட்டது.

"படிக்கிறேன்னு சொன்ன பிள்ளையா?"

"ஆமாக்கா."

"இப்பத்தான் படிச்சியா தாயி?"