திரும்பச் செய்யும் கட்டை

மகள் ஆதிரையின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு முரளி வாங்கி வந்த ரோபோவுக்குத் திரை கிடையாது. நேரே போ, திரும்பு, முட்டு என்று படம் போட்ட மரக்கட்டைகளைப் பலகையில் வரிசையாக அடுக்கிப் பொத்தானை அழுத்தினால், அது அப்படியே செய்யும். "செல்போனத் தொடவே விடறதில்ல சார். இது மூளைக்கு வேலை," என்று அவன் தன் மேலதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருந்ததை, கேக் தட்டுகளோடு சமையலறை வாசலில் நின்ற அவன் மனைவி வனிதா கேட்டாள். ஆதிரை பொத்தானை அழுத்தினாள். சோபா ஓரத்திலிருந்து ரோபோ கிளம்பியதுமே வனிதாவின் முதுகு நிலைக்கதவோடு ஒட்டிக்கொண்டது. நேரே வந்து, இடப்பக்கம் திரும்பி, அவள் காலடியில் குழந்தை நிறுத்தி வைத்திருந்த துணிப்பொம்மையை அது முட்டித் தள்ளியது. பிறகு சாவகாசமாகச் சோபாவுக்குத் திரும்பிப் போனது. ஆதிரை ஓடிவந்து பொம்மையைத் தூக்கி நிறுத்தி, அதன் கவுனை இழுத்துச் சரிசெய்தாள். ரோபோ மறுபடியும் கிளம்பியது.

"அட, திரும்பச் செய்யற கட்டையும் போட்டிருக்கா!" அதிகாரி கைதட்டினார். "விழுந்தத எதுக்குக் கண்ணு எழுப்பி விடற?"

"எந்திரிச்சாத்தான அங்கிள் தோசை ஊத்த முடியும்?"

கைதட்டல் நின்றது. வனிதா முந்தானையை இழுத்து முழங்கையை மூடினாள். முரளிதான் முதலில் சிரித்தான். சிரித்தபடியே குனிந்து, பலகையிலிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக உருவினான். ரோபோ நிற்கவில்லை. வரிசை முழுவதையும் அது ஏற்கெனவே மனப்பாடம் செய்திருந்தது.