மடத்துக் கேட்

இந்தக் கதையில் சிரிக்க ஒரு இடம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், அது கடைசியில்.

பாண்டிராஜுக்குப் பதினேழு வயசு. கண்டக்டர், போர்மேன், ஹெட்மாஸ்டர் என்று யார் குரலையும் அப்படியே உரித்து வைப்பான். போன மாசம் மடத்துச் சாமி மாதிரி பேசிக் காட்டி, வாட்ச்மேன் முனியசாமியிடம் முதுகில் ஒன்று வாங்கினான்.

அன்று உச்சி வெயிலில் பட்டாசுக் கம்பெனி வெடித்தது. வெந்துபோன ஐந்து பேரைத் தூக்கிவந்து மடத்து வாசலில் கிடத்தினார்கள். அதில் ஒருத்தி பாண்டிராஜின் அக்கா கற்பகம். சிவகாசியிலிருந்து ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரமாகும். சுற்றிலும் மர நிழல் கிடையாது.

மடம், தாது வருசப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றக் கட்டிய சத்திரம். பிறகு சாமிமார் குடியேறினார்கள், வாசலில் இரும்புக் கேட்டும் ஏறியது. சாமி வாயால் உத்தரவு வந்தால்தான் திறக்கணும். நாலு தலைமுறையாய் அதுதான் விதி.

"அண்ணாச்சி, தொறங்க! அக்கா துடிக்கா!"

"சாமி மதுரை போயிருக்காகலே!" கம்பிக்குப் பின்னால் நின்று முனியசாமி கத்தினார். "போன்லயாச்சும் அவுக குரல் வந்தாத் தொறப்பேன். இல்லேன்னா முடியாது!"

"நீயெல்லாம் மனுசனாய்யா?" கூட்டத்தில் ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள்.

பாண்டிராஜ் எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடினான். மடத்துப் போர்டிலேயே நம்பர் இருந்தது. உள்ளே போன் மணி அடித்தது, முனியசாமி ஓடிப்போய் எடுத்தார்.

"முனியசாமீ..." மூக்கில் பாதி, தொண்டையில் பாதியாக அதே இழுவை. "வாசல்ல என்னப்பா அழுகை? எல்லாரையும் கூடத்துல படுக்க வை. கிணத்துத் தண்ணிய ஊத்து."

"உத்தரவு சாமி!"

தெருவுக்கே கேட்டது. கேட் திறந்தது.

இரண்டு பேர் அந்தக் கூடத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள். கற்பகம் பிழைத்தாள்.

பத்து நாள் கழித்து, அடக்கமாட்டாமல் பாண்டிராஜ் வந்தான்.

"அண்ணாச்சி, அன்னைக்குப் பேசினது சாமியில்ல, நான்! நல்லா ஏமாந்தீகளா?"

முனியசாமி சிரிக்கவில்லை.

"சாமி மதுரைக்கே போகலலே. ஒங்காதுல விழணும்னுதான் போன், போன்னு கத்தினேன். மணி அடிக்கும்போது அவுக எனக்கு எதுக்கத்தான் உக்காந்திருந்தாக. தொறக்காதேன்னு கையக்கூட ஆட்டினாக."

பாண்டிராஜின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப ஏன் வந்து தடுக்கல?"

"அவுகளுக்கு அன்னைக்கு மௌன விரதம்லே. 'போன்ல பேசினது நான் இல்ல'ன்னு சொல்லணும்னா, அவுக வாயத் தொறக்கணுமே!"